ரன் அடிக்கும்போது டைம் அவுட்: பாப்பவிச் வழியா, ஜாக்சன் வழியா?

பாஸ்கெட்பால் ஆட்டம். எதிரணி வரிசையாக எட்டுப் புள்ளி அடித்துவிட்டது, நம் பக்கம் ஒரு பந்துகூட விழவில்லை. இதைத்தான் 'ரன்' என்பார்கள். பார்க்கிற அத்தனை பேரும் "டைம் அவுட் எடுய்யா" என்று கத்துவார்கள். கோச் எடுக்கலாமா, பொறுக்கலாமா? அமெரிக்க லீக்கான என்பிஏ என்றால் பொறுப்பவர் கட்சி நான். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா விதியில் ஆடும்போது, அதுவும் முதல் பாதியில், அப்படியே எதிர்க்கட்சி.

உடனே எடுக்கும் வழிக்குப் பேர்போனவர் ஸ்பர்ஸ் அணியின் கோச்சாக 2025 வரை இருந்த கிரெக் பாப்பவிச். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் டிஃபென்ஸில் யாரோ தூங்கினார்கள் என்று டைம் அவுட் எடுத்துத் திட்டிய ஆள். பொறுக்கும் வழிக்கு சிகாகோ புல்ஸுக்கும் லேக்கர்ஸுக்கும் கோச்சாக இருந்த ஃபில் ஜாக்சன். எதிரணி பிய்த்துக்கொண்டு போகும்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் இழுத்துவிட்ட சிக்கல், நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. ஜாக்சனுக்குக் கோச்சாக 11 பட்டம், பாப்பவிச்சுக்கு 5. பட்டத்தை எண்ணித் தீர்ப்புச் சொல்வது வெட்டி வேலை, ஏனென்றால் ஒருவரிடம் மைக்கேல் ஜோர்டானும் கோபி பிரையன்டும் இருந்தார்கள், இன்னொருவரிடம் டிம் டங்கன் இருந்தார்.

டைம் அவுட் எடுத்ததும் ரன் நின்றுவிடுகிறதே என்பார்கள். நிற்கும், எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் நிற்கும். எட்டுப் புள்ளி தொடர்ந்து அடித்த அணி இன்னும் எட்டு அதே வேகத்தில் அடிப்பது அபூர்வம், ஷாட் எல்லாம் எப்போதும் விழுந்துகொண்டே இருக்காது. இடையில் விசில் ஊதியதால் பெயர் கோச்சுக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். ரன் எதனால் வந்தது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் ஆள் கையை முகத்துக்கு நேரே நீட்டி மறித்தும் எதிரணிக்காரன் த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) போட்டுக்கொண்டிருக்கிறானா, விட்டுவிடலாம். நம் பையன்கள் ஓடித் திரும்பாமல் லேஅப்பாக (கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் சுலபமான ஷாட்) கொடுத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

இனி விதிப் புத்தகம். என்பிஏவில் 2017-18 சீசனிலிருந்து ஆட்டத்துக்கு 7 டைம் அவுட், ஒவ்வொன்றும் 75 விநாடி. நான்காவது குவார்ட்டரில் 4-க்கு மேல் கூடாது, கடைசி 3 நிமிடத்தில் 2 தான். இது போக ஒரு விஷயம் உண்டு: ஒவ்வொரு குவார்ட்டரிலும் இரண்டு இடைவேளை கட்டாயம். குவார்ட்டரில் மிச்ச நேரம் 7 நிமிடத்துக்குக் கீழே போகும்வரை யாரும் எடுக்கவில்லையா, அடுத்து பந்து நிற்கும்போது டேபிளே (ஸ்கோர் எழுதுபவர்கள்) ஒன்றை அறிவித்து ஹோம் டீம் கணக்கில் எழுதிவிடும். 3 நிமிடத்துக்குக் கீழே மறுபடி அதே கதை, ஆனால் இந்த முறை முன்பு கணக்கில் எழுதப்படாத அணியின் தலையில். அதாவது பொறுப்பவருக்கு எப்படியும் நான்கைந்து நிமிடத்தில் ஓர் இடைவேளை வந்து சேரும், கையிருப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். தப்பான விசிலை எதிர்த்து சேலஞ்ச் கேட்கவும் கையில் டைம் அவுட் வேண்டும், தோற்றால் அது போச்சு.

ஃபிபாவில் இந்தக் கணக்கே வேறு, நம்மூர் டோர்னமென்ட்கள் நடப்பதும் அந்த விதியில்தான். முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முதல் பாதியில் மிச்சம் வைத்தது இரண்டாம் பாதிக்கு வராது, மாதக் கடைசியில் காலாவதியாகிற டேட்டா மாதிரி. அப்புறம் எதற்கு மிச்சம் பிடிப்பது? இரண்டாவது குவார்ட்டர் முடியும்போது இரண்டு டைம் அவுட்டையும் பையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு புள்ளி பின்தங்கி உள்ளே போகிற கோச்சைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இரண்டாம் பாதியிலும் முழுதாகப் பதுக்க முடியாது. நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடம் தொடங்கும்வரை ஒன்றுமே எடுக்கவில்லை என்றால், ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டத்தில் இரட்டைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள், மிச்சம் இரண்டுதான்.

அந்த ஒரு நிமிடமும் முழு நிமிடம் இல்லை. பையன்கள் நடந்து வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் பாதி போய்விடும், 50-வது விநாடியில் டேபிளிலிருந்து சிக்னல். ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும்: "சோனுக்கு மாறு" (ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்), அல்லது "அந்த ஏழாம் நம்பரை நீ பிடி". அதில் ஐந்து பாயின்ட் சொல்கிற கோச் டைம் அவுட்டை வீணடிக்கிறார். 2018 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிராக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் இன்னொரு வழியைக் காட்டினார். இகுவோடாலா மாதிரி ஆட்டக்காரர்கள் கையில் போர்டைக் கொடுத்து அவர்களையே பேசவிட்டார், வாரியர்ஸ் 129-83 என்று ஜெயித்தது. பலமான அணியோடு அதைச் செய்யலாம், எல்லோராலும் ஆகாது.

யார் கேட்கலாம் என்பதிலும் பெரிய வித்தியாசம். என்பிஏவில் பந்து கையில் இருக்கும்போதே ஆட்டக்காரரும் கேட்கலாம், கோச்சும் கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் ஆட்டக்காரர் கேட்கலாம், அதனால்தான் 1993 இறுதி ஆட்டத்தில் மிஷிகனின் கிறிஸ் வெபர், கையில் ஒன்றுகூட மிச்சமில்லாதபோது, 11 விநாடி இருக்கையில் டைம் அவுட் கேட்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினார். ஃபிபாவில் கோச்சோ முதல் உதவிக் கோச்சோ டேபிளில் சொல்லிவைக்க வேண்டும். கடிகாரம் நின்று பந்து டெட் ஆகும்போதோ எதிரணி கூடை போட்டதும்தான் கிடைக்கும்.

கடைசி விநாடிகளில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு ஃபைனல்ஸ் போதும். 1998, ஆறாவது ஆட்டம், சால்ட் லேக் சிட்டி. 41.9 விநாடி இருக்கையில் சிகாகோவுக்கு எதிராக யூட்டா 86-83 முன்னிலை. ஜாக்சன் டைம் அவுட் எடுத்தார், ஜோர்டான் லேஅப். அடுத்து கார்ல் மலோனிடமிருந்து ஜோர்டான் பந்தைப் பறித்தபோது ஜாக்சன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யூட்டாவும் டிஃபென்ஸைச் சரிசெய்துகொண்டிருக்கும். 5.2 விநாடி இருக்கையில் ஜோர்டான் ஷாட், சிகாகோ 87-86. 2018-இல் கிளீவ்லேண்டுக்கு நேர்மாறு. 107-107 சமன், 4.7 விநாடி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்து) எடுத்த ஜே.ஆர். ஸ்மித் பந்தை வெளியே ஓட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு டைம் அவுட் இருந்தும் யாரும் கேட்கவில்லை, ஓவர்டைமில் 124-114 தோல்வி. ஃபிபாவில் இந்த இரண்டு இடத்திலும் கோச்சால் ஒன்றும் செய்திருக்க முடியாது, பந்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பிராக்டிஸில் சொல்லிக்கொடுத்ததுதான் காப்பாற்றும்.

ஃபிபாவின் கடைசி 2 நிமிடத்தில் இன்னொரு சிக்கல். எதிரணி கூடை போட்டதும் டைம் அவுட் எடுத்தால் பந்தை மைதானத்தின் முன்பாதிக்கு (எதிரணிக் கூடை இருக்கும் பக்கம்) நகர்த்தலாம், ஆனால் ஷாட் கிளாக் (ஷாட் போட்டாக வேண்டிய நேரம்) 14 விநாடிதான், பின்பாதியிலேயே வைத்துக்கொண்டால் 24. ஒரு புள்ளி பின்னால், 10 விநாடி என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்னால் போ. ஒரு புள்ளி முன்னால், 30 விநாடி இருக்கிறது என்றால்? முன்னால் எடுத்தால் 16 விநாடி இருக்கும்போதே ஷாட் போட்டாக வேண்டும். பின்னாலேயே வைத்தால் எதிரணிக்கு 6 விநாடிதான் மிஞ்சும், ஆனால் பிரஸ்ஸை (மைதானம் முழுக்க நெருக்கும் டிஃபென்ஸை) உடைத்து 8 விநாடிக்குள் பாதியைத் தாண்ட வேண்டும். பந்தை நம்பிக் கொடுக்கத் தெம்பான ஒரு பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்) இருந்தால் நான் பின்பாதியைத்தான் எடுப்பேன்.