தூரம் மெய், நேரம் பொய்: ஆறு ஆண்டுகளாக ஒரு செயலியோடு

"நீதான் வருடக்கணக்கில் வைத்திருக்கிறாயே, அதை நம்பலாமா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் செயலியைப் பற்றித்தான். ஆம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

தூரத்தில் குறை சொல்ல மாட்டேன். முதன்முதலில் நியூயார்க்–டோக்கியோ போட்டபோது, கோடு பசிபிக்கைக் குறுக்கே வெட்டாமல் கனடா, வட அலாஸ்கா என்று ஏறிப் போனது. கோளாறு என்றே நினைத்தேன். அலமாரியில் தூசி படிந்து கிடந்த உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தேன். நூலும் அலாஸ்காவுக்கே நழுவியது. சுவரில் தொங்கிய தட்டை வரைபடம்தான் இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறது. அன்று முதல், தூக்கம் வராத இரவுகளில் போகவே போகாத ஊர்களை இணைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சிட்னி–சாண்டியாகோ போட்டுப் பாருங்கள். கோடு அண்டார்க்டிகாவை நோக்கி இறங்கும்.

நேரம்தான் என் வயிற்றெரிச்சல். நாலைந்து விடைகளைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் அதன் வித்தை பிடிபட்டது: தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுக்கிறது, ஏறி இறங்க அரை மணி சேர்க்கிறது. லண்டன்–நியூயார்க் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். எனவே 6 மணி 40 நிமிடம். திருப்பிப் போட்டாலும் அதே 6 மணி 40 நிமிடம்!

காற்று என்று ஒன்று இருக்கிறதே! அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும். நியூயார்க் போகும்போது இருக்கைத் திரையில் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்த வேகம், மணிக்கு 790 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. திரும்பும்போது 1,080-ஐத் தொட்டது. போக எட்டு மணி நேரம் பிடித்தது, வர ஏழுகூட ஆகவில்லை. 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னால் தள்ள, ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

அன்றாடக் காற்றைக் கணிக்கச் சொல்லவில்லை; அது நியாயமும் இல்லை. கிழக்கே குறையும், மேற்கே கூடும் என்று ஒரு வரி போடலாமே! ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு இன்னும் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் என்கிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, சுற்றிப் போகும் விமானங்களுக்கு அது சுமார் 13 மணி நேரம். இதற்கிடையே செயலியில் வந்த ஒரே மாற்றம், நீல நிறப் பொத்தான்கள் பச்சையானது.

நண்பனுக்கு நியூயார்க்கில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். "வேண்டாம், விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பார். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கோபத்திலேயே என் கைபேசியிலிருந்தும் அதை நீக்கினேன்.

மூன்றாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. மறுபடி இறக்கி, ஆக்லாந்து–தோஹா போட்டேன். 14,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோடு அழகாக வளைந்தது. 16 மணி 39 நிமிடமாம், போகவும் வரவும்.