சேலம் கடையின் 25 சிலைடு ஹிஸ்டாலஜி பெட்டி: மண்ணீரல் சிலைடு தேறுமா?

எம்பிபிஎஸ் முதலாமாண்டு, நர்சிங், டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) மாணவர்கள் ஹிஸ்டாலஜி, அதாவது திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாடம், படிக்க சேலத்து லேப் சாமான் கடை ஒன்றில் விற்கும் பெட்டி இது. தோல், நாக்கு, ஈரல் எல்லாம் பரவாயில்லை ரகம், அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் தரம் தெரிய வேண்டுமானால் மண்ணீரலை எடுத்துப் பாருங்கள். ரத்தம் ஊறிய உறுப்பு அது. திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் உள்ளே இறங்க நேரமாகும். 3, 4 மில்லிமீட்டர் துண்டாக நறுக்காமல் அப்படியே போட்டிருந்தால் நடுப்பகுதி செல்கள் கெட்டு, உட்கருவெல்லாம் மங்கிப்போகும்.

இந்தச் சிலைடில் அந்தக் குறை இல்லை. எச் அண்ட் ஈ (ஹெமடாக்சிலின் நீலம், ஈயோசின் சிவப்பு) சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. 4எக்ஸ் லென்ஸில் சிவப்புப் பரப்பில் நீலத் திட்டுகள் பளிச்சென்று தெரிகின்றன. நீலம், லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் திரண்ட ஒயிட் பல்ப். மற்றது ரத்தம் நிறைந்த ரெட் பல்ப். கேப்சூல் என்ற வெளியுறையிலிருந்து உள்ளே இறங்கும் தடுப்புகளான டிராபெகுலாக்களும் முழுசாக இருக்கின்றன. ஸ்பாட்டரில் (சிலைடைப் பார்த்து உறுப்பை அடையாளம் சொல்லும் தேர்வு) நிணநீர்க் கணுவோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கேப்சூலுக்கு அடியில் நிணநீர் ஓடும் சைனஸ் இல்லை, கார்டெக்ஸ் மெடுல்லா (வெளிப்பகுதி, உட்பகுதி) பிரிவும் இல்லை என்றால் மண்ணீரல். நீலத் திட்டுக்குள் ஒரு சின்ன தமனி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெயர் சென்ட்ரல் ஆர்ட்டரி (நடுத் தமனி) என்றாலும் ஃபாலிக்கிள் என்ற லிம்போசைட் உருண்டையில் அது ஓரமாகத்தான் ஒதுங்கியிருக்கும், நடுவில் தேடாதீர்கள்.

40எக்ஸ் போட்டு அந்தத் தமனியைச் சுற்றிப் பாருங்கள். உறைபோல் நெருங்கி நிற்கும் சிறு லிம்போசைட்டுகள் டி செல்கள். பக்கத்தில் வெளிறிய மையத்தோடு இருக்கும் ஃபாலிக்கிள் பி செல்களின் இடம். இந்தச் சாயத்தில் டி, பி இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், இருக்குமிடத்தை வைத்தே சொல்ல முடியும். அதற்கும் வெளியே, ரெட் பல்ப்பைத் தொடும் சற்று வெளிறிய விளிம்பு மார்ஜினல் ஜோன். நியூமோகாக்கஸ் மாதிரி சர்க்கரை உறை போர்த்திய கிருமிகளுக்கு எதிராக, டி செல் உதவிக்குக் காத்திராமல் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பி செல்கள் இருப்பது இங்கேதான். மண்ணீரலை எடுத்தவர்களுக்கு அந்தக் கிருமி உயிருக்கே உலை வைப்பதும், திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே தடுப்பூசி போடுவதும் இதனால்தான். சிலைடில் இந்த விளிம்பு அவ்வளவு தெளிவில்லை. அது தயாரித்தவர் குற்றமல்ல, எச் அண்ட் ஈ-யில் அப்படித்தான் இருக்கும்.

கோளாறு ரெட் பல்ப்பில். வெட்டு 4, 5 மைக்ரானைத் தாண்டிய தடிமன். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு இங்குள்ள ரத்த சைனஸின் சுவரை மறைக்கின்றன. 7 மைக்ரான் சிவப்பணு அதைவிடக் குறுகிய இடுக்கில் நுழைந்து வெளிவர வேண்டிய இடம் அந்தச் சுவர். வளைய முடியாத கிழட்டு அணுக்கள் அங்கே மாட்டி, செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கு இரையாகும். இதைப் பார்க்க ரெடிகுலின் (மெல்லிய நார்) வெள்ளிச் சாயச் சிலைடு தனியாகக் கேளுங்கள். சைனஸைச் சுற்றிய நார்கள் பீப்பாய் வளையம்போலத் தெரியும்.

இன்னொன்று, ஆங்காங்கே கருப்புப் பொட்டுகள். ஹீமோசிடரின் (சிதைந்த சிவப்பணுவின் இரும்பு நிறமி) என்று ரெக்கார்டில் வரைந்துவிடாதீர்கள். ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்பினால் பொட்டு செல்லுக்கு மேல் தளத்தில் நிற்கிறது. அப்படியானால் அது ஃபார்மலின் நிறமி, பஃபர் சேர்க்காத ஃபார்மலின் அமிலமாகி ரத்தத்தோடு சேர்ந்த வினை. ஹீமோசிடரின் பொன்பழுப்பாக, மேக்ரோஃபேஜுக்கு உள்ளேயே இருக்கும்.

லேபிளில் வெறும் 'ஸ்ப்ளீன்' என்று மட்டும் போட்டிருப்பது அநியாயம். எந்த உயிரினம் என்று எழுத என்ன கஷ்டம்? கேப்சூலில் மழமழப்புத் தசை தடிமனாக இருந்தால் ஆடு, மாடு வகை. மனித கேப்சூலில் பெரும்பாலும் நார்த்திசுதான். சைனஸ் படிக்க மனிதச் சிலைடு என்று சொல்லி வாங்குங்கள். ஆடுதான் என்றால் கறிக்கடையில் ஒரு சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி குறுக்கே வெட்டுங்கள். வெள்ளைப் புள்ளிகளாக ஒயிட் பல்ப் வெறுங்கண்ணுக்கே தெரியும். குழாயடியில் பிழிந்து அலசினால் டிராபெகுலா வலை மிஞ்சும்.

ஏப்ரல், மே வெயிலில் வாங்குபவர்கள் பெட்டியைப் படுக்கையாக, சிலைடுகள் தட்டையாகக் கிடக்கும்படி எடுத்துப் போங்கள். கவர் ஸ்லிப்பை (மேல் கண்ணாடி) ஒட்டும் டிபிஎக்ஸ் பசை முழுசாகக் காயாத சிலைடு நின்றபடி இருந்தால் கவர் ஸ்லிப் வழுக்கும். ஏற்காட்டு லேபுக்குக் கொண்டு போனால் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் அவசியம், பனியில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலோர வெயிலில் வைத்தால் ஈயோசின் வெளுத்துவிடும்.

ஸ்பாட்டருக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். முதுநிலை பேத்தாலஜிக்கு இது போதாது. கடையிலேயே மைக்ரோஸ்கோப் இருக்கிறது, 40எக்ஸில் ரெட் பல்ப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மெல்லிய வெட்டாக மாற்றிக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.