வெள்ளம் புகுந்த வீட்டுக்கு யார் பணம்? மூன்று நாடுகளின் வழி

தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டுப் பக்கமே வரத் தயங்கியதால், 1968-ல் அமெரிக்க அரசு தானே இறங்கியது. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர். நோக்கம் நல்லது, கணக்குதான் உதைக்கிறது. ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் இருந்த ஏராளமான பழைய வீடுகளிடம் ஆபத்துக்கு ஏற்ற பிரீமியம் வாங்கவே இல்லை. 2005-ல் கத்ரீனா புயல் அடித்ததும் இந்தத் திட்டம் அரசுக் கஜானாவிடம் பெருங்கடன் பட்டது. 2017-ல் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. வெள்ளத்தையே பார்க்காதவர் கட்டிய வரியும் அதில் போனது. அப்புறமும் 2,000 கோடிக்கு மேல் பாக்கி, அதற்கு வட்டி வேறு.

2021-ல் வீட்டுக்கு வீடு ஆபத்தைக் கணக்கிடும் புதிய முறை வந்தது. ஆனால் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற முடியாது, சட்டம் அப்படி. ஏழை வீட்டுக்காரரை ஒரே நாளில் நசுக்கக் கூடாது, சரி. அவருக்கான உதவியை பட்ஜெட்டில் வெளிப்படையாகக் கொடுக்கலாமே! பிரீமியத்துக்குள் ஒளித்தால், வசதியானவரின் கடற்கரை வீட்டுக்கும் அதே சலுகை போய்ச் சேருகிறது.

பிரான்ஸில் 1982 முதல் வேறு கதை. சொத்துக் காப்பீடு எடுத்த எல்லோரும் வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடர்களுக்காக, பிரீமியத்தின் மேல் ஒரே விகிதத்தில் கூடுதல் தொகை கட்ட வேண்டும். 12 சதவீதமாக இருந்தது 2025 ஜனவரியில் 20 ஆனது. பின்னால் அரசின் வரம்பற்ற உத்தரவாதம். யாரும் விடுபடுவதில்லை. ஆனால் மேட்டில் கட்டியவருக்கும் பள்ளத்தில் கட்டியவருக்கும் ஒரே விகிதம் என்றால், பள்ளத்தில் கட்டத் துணிபவரை எது தடுக்கும்?

எனக்குப் பிடித்தது பிரிட்டன் 2016-ல் தொடங்கிய ஃப்ளட் ரீ. வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் தொகை வசூலித்து, வெள்ள ஆபத்துள்ள வீடுகளின் பிரீமியத்தை அது குறைக்கிறது. அந்தத் தொகை மற்ற வீட்டுக்காரர்கள் தலையில்தான் விடிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2009-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு இடமில்லை. தெரிந்தே வெள்ளப் பகுதியில் புதிதாகக் கட்டுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பழுதுபார்க்கும்போது 10,000 பவுண்டு வரை கூடுதலாகவும் கிடைக்கும்: பிளக் பாயிண்டைச் சுவரில் மேலே ஏற்றலாம், கார்ப்பெட்டை எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாம், தண்ணீர் புகாத கதவு மாட்டலாம். அடுத்த வெள்ளத்தில் செலவு குறையும்.

குறை என்னவென்றால், இந்தப் பணம் வெள்ளம் வந்த பிறகுதான், அதுவும் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களின் வாடிக்கையாளருக்கு மட்டுமே. 2039-ல் ஃப்ளட் ரீ மூடப்படும். இன்னும் நனையாத வீடுகளின் பிளக் பாயிண்டுகள் இப்போதும் தரையோரத்திலேயே இருக்கின்றன.