ஒரே சுருதியில் நில்லாத விசிறி: ஒரு டவர் கூலருடன் நான்கரை ஆண்டுகள்

என் மேசைக் கணினியின் மூளையான பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரில் நான்கரை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த 120 மில்லிமீட்டர் விசிறியைச் சென்ற வாரம் மாற்றினேன். அதே வாரத்தில், புதிதாகக் கணினி பூட்டவிருக்கும் நண்பர் ஒருவர், உலோகத் தகடுகளை அடுக்கிய கோபுரத்தின் மீது விசிறி காற்றூதும் டவர் கூலர் போதுமா, பம்பு வைத்து நீரைச் சுழற்றிக் குளிர்விக்கும் லிக்விட் கூலருக்குப் பணம் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து இந்தக் கணினியில் பதிவு செய்கிறேன். கணினி இருக்கும் அறை, மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ளது. பதிவின்போது மேல்விசிறியை நிறுத்திவிடுவதால், கத்திரி வெயில் நாட்களில் அறையின் வெப்பம் 37 பாகையைத் தொடும். காற்றை ஊதிக் குளிர்விக்கும் எந்தக் கூலரும், அறைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. ஆறு கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட 65 வாட் பிராசஸருடன் பெட்டியிலேயே வந்த சிறு கூலர், மே மாதத்தில் முழு வேலையின்போது 94 பாகை காட்டியது. நான்கு வெப்பக் குழாய்கள் கொண்ட டவர் கூலரைப் பொருத்திய பின் அதே மாதத்தில், அதே வேலைக்கு 78 பாகையே ஏறியது. அறை 26 பாகையாக இருக்கும் மார்கழியில் 67. குளிர்விக்கும் திறனைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

என் குறை முழுவதும் ஒலியைப் பற்றியது. அதிலும் ஒலியின் அளவைப் பற்றியதன்று, அது நிலையாக நில்லாததைப் பற்றியது. பதிவு மென்பொருளின் இரைச்சல் நீக்கும் வசதி, பேச்சில்லாத சில வினாடிகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அந்த மாதிரியில் உள்ள ஒலியைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கிறது. ஒரே வேகத்தில் ஓடும் விசிறியின் இரைச்சல் இந்த முறையில் ஏறத்தாழ முழுவதும் போய்விடும். ஆனால் என் விசிறியோ நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று 1200 சுற்றுக்கு ஏறி, மூன்று வினாடிகளில் மறுபடி இறங்கி, அரை நிமிடத்தில் மீண்டும் ஏறும். மாதிரியில் இல்லாத அந்த ஏற்றத்தை எந்த மென்பொருளும் கழிப்பதில்லை. வாசிப்பின் நடுவே யாரோ பெருமூச்சு விடுவதைப் போல அது கேட்கும்.

காரணம் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றைய பிராசஸர்கள் ஒரு சிறு வேலை வந்தாலும் ஒரு கோரை மட்டும் உச்ச வேகத்துக்குத் தள்ளுகின்றன. வெப்பத்தை அளக்கும் உணரி சிலிக்கனுக்குள்ளேயே இருப்பதால், நொடிப்பொழுதில் 50 பாகை 62 ஆகிறது. அந்த வெப்பம், பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டைக் கடந்து, குழாய்க்குள் இருக்கும் நீரை ஆவியாக்கி, அலுமினியத் தகடுகளுக்கு வந்து சேர்ந்து அவற்றைச் சூடாக்குவதற்குள் வேலையே முடிந்துவிடும். ஆகவே அந்த மூன்று வினாடிகளில் விசிறி வேகமெடுப்பதால் பிராசஸருக்குப் பயன் ஏதுமில்லை. சூடேறாத தகட்டின் மீது காற்றை வாரி இறைப்பதுதான் நடக்கிறது. விசிறியின் வேகம் பாதியானால் காற்று பாதியாகும், ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது விசிறிப் பொறியியலில் வழங்கும் கணக்கு. வேகம் இப்படி ஊசலாடும்போது காது எவ்வளவு உணரும் என்பதை அதிலிருந்தே அறியலாம்.

பிழை கூலரில் இல்லை; மதர்போர்டில் இருந்துகொண்டு விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் தரும் தொடக்க அமைப்பில் இருக்கிறது. 68 பாகை வரை விசிறி 700 சுற்றிலேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறினாலும் சில வினாடிகள் பொறுத்தே முடுக்க வேண்டும் என்று மாற்றியமைத்த நாளிலிருந்து அறை அமைதியானது. சென்ற மாதம் பயாஸைப் புதுப்பித்தேன். அமைப்பு முழுவதும் சொல்லாமல் அழிந்து, பழைய ஊசலாட்டம் திரும்பிவிட்டது. காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மூன்று பாடங்களை மீண்டும் வாசிக்க நேர்ந்தது. ஒலியோடு வாழும் பயனருக்கு மிகவும் தேவையான ஓர் அமைப்பை இப்படிக் கேட்பாரற்று அழிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விசிறி மாற்றிய கதை இதற்கு நேர் எதிரானது. காலையில் கணினியை இயக்கியதும் கரகரவென்ற ஒலி எழத் தொடங்கியிருந்தது; பேரிங்கின் எண்ணெய் வற்றிப்போனதன் அடையாளம் அது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், இரண்டு வாரம் தாங்கியது. பிறகு கடைக்குப் போய் அதே அளவில் வேறொரு நிறுவனத்தின் விசிறியை வாங்கி, இரண்டு கம்பிக் கவ்விகளைக் கழற்றி மாட்டினேன். தகட்டுக் கோபுரத்தை அசைக்கவில்லை, பேஸ்டைத் தொடவில்லை, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அசையும் உறுப்பே இல்லாத அந்தக் கோபுரம், தூசியை மட்டும் துடைத்துவந்தால் இந்தக் கணினிக்குப் பின்னும் உழைக்கும். லிக்விட் கூலரில் பம்பு நின்றால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். நியாயமாக அதன் பக்கமும் ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் நீர் மெதுவாகவே சூடேறுவதால், நீரின் வெப்பத்தைப் பார்த்து விசிறியை இயக்கினால் இந்த ஊசலாட்டம் எழாது.

நண்பரே, உங்கள் பிராசஸரும் 65 வாட் என்பதால் டவர் கூலர் தாராளமாகப் போதும். இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் மனைவி அதே அறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறார் என்பதை நினைக்கும்போது, வாங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குற்றம் கூலருடையதன்று என்று தெரிந்தும் வரவில்லை. திரைக்கும் மைக்குக்கும் ஐந்து ஐந்து மீட்டர் வயர் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை என் கணினி அடுத்த அறைக்குப் போகிறது.