மூன்று வருஷம் போட்ட எலக்ட்ரானிக் இயர் மஃப்: வாங்கலாமா?

துப்பாக்கி ரேஞ்சில் பக்கத்து லேனில் சுடும் நண்பர், பேச்சைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை மட்டும் அமுக்கும் இந்தக் காதுமூடியின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். கூடவே, "துப்பாக்கிக்கே ஒரு சைலன்சர் மாட்டிட்டா முடிஞ்சுது சார்" என்றார். முடிஞ்சுதுதான், நாமும் சேர்த்து! 1959 ஆயுதச் சட்டத்தில் வெடிச்சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்தான் வருகிறது. அந்தப் பேச்சே வேண்டாம், காதை மூடுவோம்.

ஞாயிறு காலை, பாயிண்ட் டூ டூ ரைஃபிள், ப்ரோன், அதாவது குப்புறப் படுத்துச் சுடுவது. குட்டித் தோட்டாதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது, காதருகே உச்சம் 140 டெசிபெல் வரை போகும், தலைக்கு மேல் தகரக் கூரை வேறு. போட்டிக்கான மேட்ச் தோட்டாவாவது ஒலியைவிட மெதுவாகப் போகிறது, நண்பர் போடும் ஹை வெலாசிட்டி ஒலியை முந்துவதால் ஒவ்வொன்றும் சாட்டையடி மாதிரி தனியாக ஒருமுறை வெடிக்கும். முதலில் அதை மாற்றச் சொன்னேன். காசு செலவில்லாத யோசனை, அதனால் கேட்கவில்லை.

இப்போது மஃப். பெட்டியில் 22 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் குறைக்கும், சரி. இங்கே நான் படுத்து ரைஃபிளின் ஸ்டாக் கட்டையில் கன்னத்தைப் பதித்ததும் மஃபின் வலது கிண்ணத்தின் கீழ் விளிம்பு கட்டையில் இடித்து ஒரு நூல் தூக்கிக்கொள்கிறது, அந்த இடுக்கு போதும், சத்தம் உள்ளே வந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு இன்னொரு இடுக்கு. மூன்று வருஷமாக இதே எரிச்சல்! மே மாதத்தில் மெத்தைக்குள் வியர்வை குளம் கட்டி, ரெக்சின் உரிந்து கறுப்புச் செதிலாகக் காதில் ஒட்டுகிறது. இது இரண்டாவது ஜோடி மெத்தை.

அதனால் காதுக்குள்ளே நுரை அடைப்பானான ஃபோம் பிளக்கும் வைக்கிறேன். நன்றாக உருட்டி மெல்லிசாக்கி, எதிர்க் கையால் தலைக்கு மேலாகக் காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்து நுழைத்து, ஊதிப் பெருகும்வரை விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு இரட்டிப்பாகாது, சுமார் 5 டெசிபெல்தான் கூடும். ஆனால் கட்டை இடித்தாலும் காது தப்பிக்கிறது.

போன மாதம் பேட்டரி கசிந்து ஒரு பக்கம் செத்துவிட்டது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு தம்பி பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டு, ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். அது வரும்வரை ஒரு ஞாயிறு பிளக்கோடு மட்டும் போனேன். ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை, பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டிய பிறகுதான் விரலை எடுத்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. மஃப் இருந்தால் பிளக்கையும் மீறி அவர் குரல் வரும், கூரைத் தகரத்தில் காக்கா நடப்பதுகூட வரும், வெடி வந்த நொடியில் மட்டும் அமுங்கிவிடும்.

நண்பரிடம் வாங்காதீங்க என்றுதான் சொன்னேன், கிண்ணம் ஒல்லியான மாடலாகப் பார்க்கச் சொன்னேன். "அப்படின்னா உங்களுதைப் பாதி விலைக்குக் குடுத்துடுங்க" என்றார்.

தரமாட்டேன் என்றேன்.