2,80,000 போச்சு! அம்மோனியா பிளாண்டுக்கு லெவல் ப்ரோப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு, முகமூடி மாட்டிக்கொண்டு, அம்மோனியா டிரம்மோடு இணைந்து செங்குத்தாக நிற்கும் ஸ்டாண்ட் பைப்பிலிருந்து, திரவ உயரத்தை அளக்கும் அந்தக் கம்பியை, அதாவது ப்ரோபை, உருவி எடுத்தோம். கம்பியின் மேல் வெள்ளை டெஃப்லான் உறை. பாதி நீளத்துக்குச் சற்று மேலே, ஆணியால் இழுத்ததுபோல் ஒரு கீறல். கீறலுக்குள் ஏதோ பசை. அதில் பாதி பெயர்ந்து, ஈரத்தில் ஊறிய தோல்மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. புதுசு, பெட்டி பிரிக்காதது என்று சொல்லி என்னிடம் 2,80,000 வாங்கிய பொருள் இது. இன்னும் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குளிர்பதன பிளாண்டுகளுக்கு மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். இந்த பிளாண்ட் ஃப்ளட்டட் சிஸ்டம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே சர்ஜ் டிரம் என்று ஒரு தொட்டி, அதற்குக் கீழே பிரைனை, அதாவது உப்புத் தண்ணீரை, குளிர்விக்கும் சில்லர். டிரம்மிலிருந்து அம்மோனியா திரவம் இறங்கிச் சில்லரை நிரப்பி, கொதித்து, ஆவியும் திரவமும் கலந்து மறுபடி டிரம்முக்கே ஏறும். அங்கே ஆவி மட்டும் பிரிந்து கம்ப்ரசருக்குப் போகும். எல்லாமே டிரம்மில் திரவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. குறைந்தால் சில்லரின் மேல் குழாய்கள் காய்ந்துவிடும், பிரைன் குளிராது. கூடினால் திரவம் சக்ஷன் லைனில், அதாவது கம்ப்ரசர் ஆவியை இழுக்கும் குழாயில், இறங்கிக் கம்ப்ரசருக்குள் போகும். ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. வால்வு பிளேட் உடையும், சில நேரம் கனெக்டிங் ராடே வளையும்.

இங்கே முன்பு இருந்தது பழைய ஏற்பாடு. மிதக்கும் பந்தால் இயங்கும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், அது திறந்து மூடும் சோலனாய்டு (மின்காந்த) வால்வு, அதற்குப் பின்னால் கையால் திருகி வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு. போன மாதம் ஃப்ளோட் பந்தில் ஊசித்துளை விழுந்தது. திரவம் உள்ளே போய்ப் பந்து மூழ்கிவிட்டது. மூழ்கிய பந்துக்கு எப்போதும் ‘லெவல் கம்மி’தான், அதனால் சோலனாய்டு மூடவே இல்லை. தனியாக வைத்திருந்த ஹை லெவல் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்தியதால் தப்பித்தோம்.

ஆபரேட்டர் அண்ணன் அன்றைக்கே சொன்னார்: “தம்பி, பந்தை மாத்திடு, இன்னும் பத்து வருஷம் ஓடும்.” நான் கேட்கவில்லை. மின்தேக்கத் திறனை வைத்து லெவலை அளக்கும் கெப்பாசிட்டன்ஸ் ப்ரோப், அந்த லெவலைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் 4–20 மில்லியாம்பியர் சிக்னல், லெவலுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் மோட்டார் வால்வு என்று முதலாளியிடம் பெருமையாகப் பேசி, மொத்தத் தொகைக்கு வேலையை ஒப்புக்கொண்டேன். நஷ்டம் என்றால் என் கையிலிருந்துதான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை உதிரிபாகங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் சந்தையில் தேடினேன். பெயர் போட விரும்பவில்லை, இதே மாதிரி பத்து இருக்கின்றன. ப்ரோப், கன்ட்ரோலர், மோட்டார் வால்வு மூன்றும் சேர்த்து 3,00,000 என்று ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். போன் செய்தேன்.

நான் விழுந்த இடம் அந்த போன்தான். எடுத்தவுடன் விலை பேசவில்லை அந்த ஆள். “உங்க அம்மோனியா எத்தனை டிகிரியில கொதிக்குது பிரதர்?” என்று கேட்டார். மைனஸ் 10 என்றேன். “அப்ப சக்ஷன் கேஜ் 1.9 பார் பக்கம் காட்டணும்.” சரியான பதில். அடுத்து, “ஸ்டாண்ட் பைப் அடியில ஆயில் பாட் இருக்கா? ஆயில் ஒழுங்கா இறக்குறீங்களா?” என்றார்.

இந்தக் கேள்வியைத் தொழில் தெரியாதவன் கேட்கமாட்டான். அந்தக் குளிரில் அம்மோனியா திரவம் லிட்டருக்கு 650 கிராம்தான் இருக்கும், கம்ப்ரசர் ஆயிலோ 900 கிராம் பக்கம். அதனால் அம்மோனியாவில் ஆயில் அடியில் போய்த் தங்கும். ஸ்டாண்ட் பைப்பின் அடியில் ஆயில் ஏறி நின்றால், ஃப்ளோட்டும் ஏமாறும், ப்ரோபும் ஏமாறும். இதையெல்லாம் எனக்கே எடுத்துச் சொன்ன ஆள் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்? அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். வாளித் தண்ணீரில் ப்ரோபை மெல்ல இறக்குகிறார், திரையில் சதவீத எண் ஏறுகிறது. 10, 20, 40. வெளியே எடுத்தால் பூஜ்யம். நேற்று ராத்திரி அந்த வீடியோவை ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் அவர் முக்கவே இல்லை. மேல் பாதியைக் கை மூடிக்கொண்டிருக்கிறது. கை இருந்த இடத்தில்தான் கீறல்!

“சைட் வழியா வேணாம் பிரதர், கமிஷன் போகுது. நேரா கணக்குல போட்டீங்கன்னா 2,80,000க்கு முடிச்சுத் தரேன். காலிபரேஷனுக்கு எங்க ஆளே வருவார்.” போட்டேன். முழுப் பணத்தையும், அன்றைக்கே. 20,000 மிச்சம் பிடிக்கப் போய் 2,80,000 விட்டவன் நான்.

பொருள் வந்தது. பெட்டி புதுசு. காலிபரேஷனுக்கு, அதாவது ப்ரோபின் அளவைச் சரிப்படுத்தி வைக்க, ஆள் வரவில்லை, “ரொம்ப ஈசி, நீங்களே பண்ணிடலாம்” என்றார்கள். சரி என்று நானே செய்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகை ப்ரோப் திரவத்தின் மின்காப்பு மாறிலியை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்க்க அந்தத் திரவம் எவ்வளவு உதவும் என்ற எண்ணை, வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறது. தண்ணீருக்கு அது 80 பக்கம். குளிர்ந்த அம்மோனியாவுக்கு 20 சொச்சம். திரவக் கார்பன் டை ஆக்சைடுக்கு இரண்டுகூட வராது. ஒன்றில் காட்டிய கணக்கு இன்னொன்றில் செல்லாது. வாளித் தண்ணீரில் எண் ஏறியதைப் பார்த்து நான் எதை நம்பினேன் என்று இப்போது எனக்கே புரியவில்லை.

முதல் மூன்று நாள் அருமையாக ஓடியது. லெவல் 50-ல் கோடு போட்ட மாதிரி நின்றது. ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன், விற்பனையாளருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். அந்த ஐந்து நட்சத்திரத்தை இன்று மாற்றப் பார்த்தால் முடியவில்லை, ‘காலக்கெடு முடிந்தது’ என்று வருகிறது.

நாலாம் நாள் இரவு ஆரம்பித்தது. 48, 51, 54, திடீரென்று 100. டிரம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கன்ட்ரோலர் வால்வை மூடிவிட்டது. ஹை லெவல் ஸ்விட்ச் அடிக்கவே இல்லை, அதாவது டிரம் நிரம்பவில்லை. சக்ஷன் 1.9-லிருந்து 1-க்குக் கீழே விழுந்தது, பிரைன் சூடேற ஆரம்பித்தது. கால் மணி நேரம் கழித்து எண் மறுபடி 30-க்கு வந்தது, வால்வு திறந்தது, லெவல் ஏறியது, மறுபடி 100. விடியும்வரை இதே கூத்து.

கூப்பிட்டேன். “டிரம்ல நுரைக்குது பிரதர். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது சக்ஷன் சட்டுனு இறங்கும், திரவம் பொங்கி எழும். கன்ட்ரோலர்ல ஃபில்டர் டைமைக் கூட்டுங்க.” ஃபில்டர் டைம் என்றால் எண்ணின் திடீர்த் துள்ளலைச் சமன்படுத்தும் நேரம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நிஜமாகவே அப்படிப் பொங்கும். ஆனால் எனக்கு ஸ்டார்ட் ஆகி நாலு மணி நேரம் கழித்தல்லவா வருகிறது? சொன்னேன். “கூட்டிப் பாருங்க” என்றார். கூட்டினேன், இரண்டு இரவு போச்சு.

அடுத்து எர்த்திங் சரியில்லை என்றார்கள். தனி எர்த் இழுத்தேன். அப்புறம் அம்மோனியாவில் தண்ணீர் கலந்திருக்கிறது, அது எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். அதற்கப்புறம் நான் காலிபரேஷனைத் தப்பாகச் செய்துவிட்டேனாம். ஆள் வருவார் என்று சொன்னீர்களே என்றால், “அது பேக்கேஜ்ல இல்லையே பிரதர்.” பிறகு அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார், ஒரு பெண் எடுத்தார். “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க சார்.” ஒன்பது முறை கூப்பிட்டேன், ஒன்பது முறையும் இதே வாக்கியம். அந்தப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை, சம்பளத்துக்குச் சொல்கிறார்.

நடுவில் பிளாண்டை நிறுத்த முடியாது. மோட்டார் வால்வை ஓரங்கட்டி, கை வால்வை வைத்து, ஸ்டாண்ட் பைப்பில் பனி எதுவரை படிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடி மூன்று இரவு ஓட்டினோம். நானும் ஆபரேட்டர் அண்ணனும் மாற்றி மாற்றி. அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

நேற்றுதான் ஸ்டாண்ட் பைப்பைத் தனியாக மூடி, உள்ளிருந்ததை வெளியேற்றி, ப்ரோபை உருவினோம். பார்த்ததை மேலே எழுதிவிட்டேன். பிளாண்டில் ஓடும் அம்மோனியாவில் கொஞ்சம் தண்ணீரும் அழுக்கும் இல்லாமல் இருக்காது, அது மின்சாரத்தைக் கடத்தும். பசை இருந்த மூன்று நாளும் உறை முழுசாக இருந்த மாதிரி ஓடியது. பசை பெயர்ந்ததும், திரவம் கீறலைத் தொட்ட நொடியில் 100 காட்டியிருக்கிறது. லெவல் இறங்கினாலும் கீறலில் ஈரம் காயும்வரை 100-லேயே நிற்கும். இதற்கு நுரை, எர்த், தண்ணீர் என்று என்னென்ன கதை!

இன்னொன்று. ப்ரோபின் மேல் நட்டில் நீலப்பச்சைக் கறை. கத்தியால் சுரண்டினேன், சில்வர் பெயிண்டுக்குக் கீழே மஞ்சள். பித்தளை! அம்மோனியாவில் பித்தளையும் செம்பும் கூடவே கூடாது, அரித்து வெடிப்பு விடும். வேறு கேஸ் பிளாண்டிலிருந்து கழற்றிய பழைய சரக்குக்குப் பெயிண்ட் அடித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். வந்த அன்று காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஸ்டெயின்லெஸ் என்று திருப்திப்பட்டேன். பித்தளைக்கும் காந்தம் ஒட்டாது என்பது தெரியாதவனா நான்? அந்த நட்டு வெடித்து விட்டிருந்தால் அந்த அறையில் நிற்பது ஆபரேட்டர் அண்ணன். பணத்தைவிட இதற்குத்தான் கை நடுங்குகிறது.

(மோட்டார் வால்வு மட்டும் நல்லதுதான். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.)

கீறல் படத்தையும் நட்டு படத்தையும் அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: “அது ஃபேக்டரியிலேயே போடும் பாதுகாப்புப் பூச்சு.” பசை! பாதுகாப்புப் பூச்சு! நட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கஸ்டமரே பொருத்தியதால் வாரண்டி செல்லாதாம். ஆன்லைன் சந்தையில் புகார் போட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, புகார் முடிக்கப்பட்டது என்று பதினைந்து நிமிடத்தில் மூடிவிட்டார்கள். 2,80,000, பதினைந்து நிமிடம்.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது வருவதை மட்டும் சொல்கிறேன். பணத்தை நேராகக் கணக்கில் போடாதீர்கள், முழுசாகவும் போடாதீர்கள். ப்ரோப் வந்ததும் எலக்ட்ரானிக் தலையைக் கழற்றிவிட்டு, கம்பியை முழு நீளமும் உப்புத் தண்ணீரில் முக்கி, நடுக்கம்பிக்கும் தண்ணீருக்கும் மீட்டர் வையுங்கள். கொஞ்சம்கூட ஓட்டம் காட்டக் கூடாது. பார்த்த பிறகு நன்றாகக் காயவைத்துத்தான் உள்ளே விட வேண்டும். நட்டுகளைச் சுரண்டிப் பாருங்கள். ஹை லெவல் ஸ்விட்ச் எப்போதும் தனியாக இருக்கட்டும், எவ்வளவு நல்ல ப்ரோப் வந்தாலும் அதோடு சேர்த்துவிடாதீர்கள்.

பழைய ஃப்ளோட் ஸ்விட்சுக்குப் புதுப் பந்து சொல்லியாகிவிட்டது, நாளை வரும். இதை எழுதும்போதே இன்னொரு தடவை அந்த எண்ணுக்கு அழைத்தேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அதே பொருள் அதே படத்தோடு அந்தச் சந்தையில் இன்னும் 3,00,000 என்று கிடக்கிறது, கீழே என் ஐந்து நட்சத்திரத்தோடு.