யூஸ்டு நிக்கான் 300 பிஎஃப் லென்ஸ் வாங்கப் போறீங்களா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கைல பிடிச்சே பறவை எடுக்கறதுக்கு வெயிட் கம்மியா ஒரு லென்ஸ் செகண்ட் ஹேண்ட்ல தேடிட்டு இருக்கறவங்களுக்காக எழுதறேன். எனக்கு 74 ஆயிரம் போயிருக்கு, இன்னொருத்தருக்குப் போகக்கூடாது.

நாலு வருஷமா நிக்கான் டி500 கேமராவுல 200-500 எம்எம் ஜூம் லென்ஸ் மாட்டித்தான் எடுத்துட்டு இருந்தேன். லென்ஸ் அருமையான லென்ஸ், ஆனா அது மட்டுமே 2.3 கிலோ, கேமரா பாடி 860 கிராம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல ரேடியல் ரோட்டு ஓரமா நின்னு கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்துல சிறகடிக்கறதை எடுக்கணும்னா தூக்கின கையை இறக்க முடியாது, அது எந்த செகண்ட்ல தலைகீழா பாயும்னு தெரியாது, இப்படியே எடுத்து எடுத்து வலது தோள் வலி வந்து கடைசில டாக்டர் வெயிட்டே தூக்காதீங்கன்னுட்டார். அப்பதான் 300 எம்எம் எஃப்4 பிஎஃப் மேல கண்ணு போச்சு, பிஎஃப்னா ஃபேஸ் ஃப்ரெனல், வெயிட்டைக் குறைக்கறதுக்காக உள்ள ஒரு ஸ்பெஷல் கண்ணாடி வெச்ச லென்ஸ். 755 கிராம்தாங்க! டி500ல போட்டா 450 எம்எம் மாதிரி ரீச், ரெண்டும் சேர்த்து 1.6 கிலோ. 500 பிஎஃப்பும் பார்த்தேன், 1.46 கிலோதான், ஆனா அந்த விலை நமக்கு ஆகாது.

சென்னைல ஒரு யூஸ்டு கேமரா கடை, பேர் வேண்டாம். வாட்ஸ்அப்ல நாலு படம் அனுப்புனாங்க, ஒரு கீறல் கிடையாது. நேர்ல போனா கடைக்குள்ளயே டியூப் லைட்ல, அவங்க பாடியில மாட்டிக் குடுத்தாங்க, எதிர்ல தொங்குன காலண்டரை எடுத்துப் பார்த்தேன், எழுத்தெல்லாம் அவ்வளவு ஷார்ப். அங்கதான் தப்பு பண்ணேன். நம்ம பாடியை எடுத்துட்டுப் போய், கடையை விட்டு வெளிய வந்து, வெயிலுக்கு எதிரா ஒரு கரண்ட் கம்பியையாவது எடுத்துப் பார்த்திருக்கணும். வெளிய விட மாட்டோம்னு சொன்னா அந்தக் கடையே வேண்டாம்.

அந்த ஞாயித்துக்கிழமை நெடுங்கால் உள்ளான் கூட்டம், வெயில் எனக்கு எதிர்ல. எடுத்த படம் அத்தனையும் பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போய், அந்தக் கருகரு இறக்கை சாம்பல் கலர்ல இருக்கு. வெயில் முதுகுப் பக்கம் இருந்தா மட்டும் ஓரளவு தேறுது. கடைக்குப் போன் பண்ணா "சார், அது பிஎஃப் லென்ஸ், ஃப்ரெனல் கண்ணாடி, எதிர் வெளிச்சத்துல அப்படித்தான் வரும்"னாங்க. இதை நல்லா கவனிங்க, இதுல பாதி நிஜம். பிஎஃப் லென்ஸ்ல பளிச்னு ஒரு லைட் ஃப்ரேமுக்குள்ள வந்தா அதைச் சுத்தி வளையம் மாதிரி கலர் ஃப்ளேர் விழும். அதுக்காக படம் முழுக்க மங்கிப் போகாது. எனக்கு அது தெரியாம ரெண்டு வாரம் நம்பிட்டேன், அவங்க குடுத்த பத்து நாள் செக்கிங் டைமும் அதுலயே முடிஞ்சிருச்சு.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை முன் கண்ணாடி மேல சாய்ச்சு அடிச்சேன். உள்பக்கம் பாதிக்கு மேல மூட்டம், அதோட ஓரத்துல செடி வேர் பிரிஞ்சு போற மாதிரி மெல்லிசா கோடு கோடா. வயிறு கலங்கிருச்சு. சர்வீஸ் சென்டர்ல கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, இது ஏற்கனவே திறந்த லென்ஸ், ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்குன்னு. ஃபங்கஸ் வந்து, அது கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கை அரிச்சு, மேலாக்க துடைச்சு வித்திருக்காங்க. கண்ணாடி மாத்த 41 ஆயிரம்.

கடைக்குப் போனேன். பில்லுல "யூஸ்டு லென்ஸ் 1"னு மட்டும்தான் இருக்கு, சீரியல் நம்பர் இல்ல. "இது நாங்க குடுத்த பீஸ்தான்னு எப்படி நம்பறது?"ன்னு கேட்டாங்க. வாட்ஸ்அப்ல அவங்களே அனுப்புன படத்துல நம்பர் தெளிவா தெரியுது, காட்டுனதும் பேச்சு மாறிருச்சு. அதனால தயவுசெஞ்சு பில்லுல சீரியல் நம்பர் எழுதச் சொல்லி வாங்குங்க, சாட்டை அழிக்காதீங்க. கடைசில "வேணும்னா 35 ஆயிரத்துக்கு நாங்களே எடுத்துக்கறோம், கோட்டிங் போயிருக்கே சார்"னார், எனக்கு மின்ட் கண்டிஷன், அதாவது புதுசு மாதிரின்னு சொல்லி வித்த அதே ஆள்.

நான் குடுக்கல. குடுத்தா மறுபடி துடைச்சு வேற யாருக்காவது மின்ட்னு விப்பாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சிருக்கேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் பேப்பர் ரெடி பண்றேன், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. லென்ஸ் இப்போ பீரோவுல, சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்டோட ஒரே கவர்ல இருக்கு.